பெண் சிசு மரணம்: ஜவ்வாது மலையடியிலிருந்து ஆசியாவைப் பார்த்தால்

வேலூரிலிருந்து தெற்கே வரும் சாலை கண்ணமங்கலத்தில் பிரிந்து, ஒரு கிளை ஆரணிக்கும் இன்னொரு கிளை போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கும் போகிறது. ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலை. வடக்கே, வேலூரையும் பாலாற்றையும் தாண்டினால் கே.வி.குப்பம் வட்டாரம். 1989 வரை இவையெல்லாம் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. பிறந்த பெண் குழந்தை ஓராண்டுகூட நிறையாமல் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு ஆசியக் கண்டம் முழுவதும் தேடினாலும் அடிப்படையில் இரண்டு விடைகள்தான் உண்டு. பெண் என்பதால் செத்தது என்பது ஒன்று. எட்டும் தொலைவில் வைத்தியம் இல்லாததால் செத்தது என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் சான்று கண்ணமங்கலத்தைச் சுற்றியுள்ள இந்தச் சிறு நிலப்பரப்பிலேயே இருக்கிறது. சமவெளிக் கிராமங்களில் முதலாவது. மலைக் குக்கிராமங்களில் இரண்டாவது. நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களோ இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டு மூடிவிடுகின்றன.

அந்த எண்ணுக்குச் சிசு மரண விகிதம் என்று பெயர். ஓர் ஆண்டில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் முதல் பிறந்தநாளைக் காணாமல் போகிறார்கள் என்பதே கணக்கு. பெண்களுக்குத் தனியாகக் கணக்கிடும்போது, ஆயிரம் பெண் பிறப்புகளுக்கு எத்தனை பெண் சிசு மரணங்கள் என்று பார்க்கிறார்கள். ஆசியாவில் இந்த விகிதத்தின் வீச்சு திகைக்க வைக்கிறது. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் ஆயிரத்துக்கு 2 அல்லது அதற்கும் கீழே. தென் கொரியாவில் 2-ஐ ஒட்டி. சீனாவில் 5, இலங்கையில் 6 என்ற அளவில். வங்கதேசமும் நேபாளமும் இந்தியாவும் 20-களில். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் 40-ஐ ஒட்டியோ அதற்கும் மேலேயோ நிற்கிறது. பாகிஸ்தானில் பிறக்கும் பெண் குழந்தைக்கும் ஜப்பானில் பிறக்கும் பெண் குழந்தைக்கும் இடையே இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால், பெண் குழந்தைக்குப் பாகிஸ்தான் இந்தியாவைவிட மோசமான நாடு என்று முடிவு கட்டிவிடுவோம். குழந்தைகளின் உயிர் என்ற வகையில் அது உண்மைதான். ஆனால் பெண் என்பதற்காக அந்தக் குழந்தை எதையாவது இழந்ததா என்ற கேள்விக்கு இந்த எண்ணில் பதில் கிடையாது. பாகிஸ்தானில் அண்மைக் கணக்குகளின்படி ஆண் சிசுக்கள் பெண் சிசுக்களைவிடக் கூடுதலாகவே இறக்கிறார்கள். அதுதான் இயற்கை. இந்தியாவிலோ அந்த இயற்கை நெடுங்காலம் தலைகீழாக இருந்தது.

ஆண் குழந்தை பலவீனமாகவே பிறக்கிறது. பாட்டிமார் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மருத்துவம் காரணம் சொல்கிறது. கருவில் ஆண் குழந்தையின் நுரையீரல் சற்றுத் தாமதமாக முதிர்கிறது. குறைமாதத்தில் பிறந்தால் மூச்சுத்திணறலுக்கு ஆளாவதும் ஆண் குழந்தைதான் அதிகம். தொற்றுநோய் எதிர்ப்பிலும் அது பின்தங்குகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே பாலும் ஒரே மருந்தும் ஒரே கவனிப்பும் கிடைத்தால், ஆயிரத்துக்குச் சாகும் ஆண் சிசுக்களின் எண்ணிக்கை பெண் சிசுக்களைவிட ஏறக்குறைய 10 முதல் 25 விழுக்காடு கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு நாட்டில் பெண் சிசு மரண விகிதம் என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், பக்கத்துப் பத்தியில் ஆண் சிசு மரண விகிதம் என்ன என்றும் பார்க்க வேண்டும். பெண் எண் ஆண் எண்ணுக்குக் கீழே போதுமான அளவு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால், அந்த இடைவெளியில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

இந்த அளவுகோலை உலக நாடுகள் அனைத்துக்கும் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. குழந்தை மரணத்தின் பொது அளவை வைத்து, ஒரு நாட்டில் ஐந்து வயதுக்குள் எத்தனை பெண் குழந்தைகள் இறக்கலாம் என்று எதிர்பார்ப்பதையும் உண்மையில் இறந்ததையும் அது ஒப்பிட்டது. 2012-ஆம் ஆண்டு நிலவரப்படி எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகப் பெண் குழந்தைகள் இறந்த நாடுகள் பத்து: ஆப்கானிஸ்தான், பஹ்ரைன், வங்கதேசம், சீனா, எகிப்து, இந்தியா, ஈரான், ஜோர்டான், நேபாளம், பாகிஸ்தான். எகிப்தைத் தவிர மற்ற ஒன்பதும் ஆசிய நாடுகள். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் சிசு மரணம் ஆசியச் சராசரியைவிட மிக அதிகம். ஆனாலும் எகிப்து நீங்கலாக அங்கே சாவு ஆணா பெண்ணா என்று பார்த்து வருவதில்லை. பார்த்து வருவது நம் கண்டத்தில். அமர்த்திய சென் 1990-ல் பத்துக் கோடிக்கு மேற்பட்ட பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று எழுதியபோது சுட்டிக்காட்டியதும் பெரும்பாலும் இந்தக் கண்டத்தைத்தான்.

இந்தியாவின் எண்ணை இனி நிதானமாகப் படிக்கலாம். மாதிரிப் பதிவு முறையின் கணக்கில் 2017-ல் ஆண் சிசு மரணம் ஆயிரத்துக்கு 32, பெண் 34. 2019-ல் ஆண் 30, பெண் 31. 2020-ல் இரண்டும் 28. பெண் குழந்தை ஆண் குழந்தைக்குச் சமமாகிவிட்டாள் என்று இதைப் பலர் வரவேற்றார்கள். எண் இறங்கியதை நானும் வரவேற்கிறேன். சமமானதை வரவேற்க முடியவில்லை. ஆண் விகிதம் 28 என்றால், பாகுபாடு இல்லாத வீட்டில் பெண் விகிதம் 23, 24 என்ற அளவில் நின்றிருக்க வேண்டும். இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் பெண் குழந்தைகள் பிறக்கிறார்கள். ஆயிரத்துக்கு நான்கு என்று வைத்துக்கொண்டாலும் ஓராண்டில் நாற்பதாயிரம் உயிர்கள். இது என் தோராயக் கணக்கு. துல்லியமாகச் செய்தால் முன்பின்னாக மாறலாம். ஆனால் இரண்டு பத்திகளிலும் ஒரே எண் நிற்பதைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது என்பதற்கு இது போதும்.

கே.வி.குப்பத்துக்கு வருவோம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஊரக நலப் பிரிவான ரூசா 1977-லிருந்து அந்த வட்டாரத்தில் இயங்கிவருகிறது. 1980-களின் பிற்பகுதியில் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் அங்கே 12 கிராமங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1992-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் முடிவுகள் வெளியாயின. உயிருடன் பிறந்தவை 759 குழந்தைகள். அவற்றில் பெண் 378. ஆய்வு முடிவதற்குள் இறந்தவை 56. ஆண் 23, பெண் 33. அந்த 33 பெண் குழந்தைகளில் 19 பேர் கொல்லப்பட்டவர்கள் என்று உறுதியானது. கொலைகள் எல்லாக் கிராமங்களிலும் நடக்கவில்லை. பன்னிரண்டில் ஆறு கிராமங்களில் ஒன்றுகூட இல்லை.

இந்த எண்களை நாடுகளை ஒப்பிடும் அதே முறையில் வைத்துப் பார்த்தேன். பெண் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 87 பேர் இறந்திருக்கிறார்கள். ஆண் குழந்தைகளில் 60 பேர். பெண்ணின் நிலை மோசம் என்று இந்த இரண்டு எண்களே சொல்கின்றன. கொல்லப்பட்ட 19 பேரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நோயாலும் பிற காரணங்களாலும் இறந்த பெண்கள் 14 பேர். ஆயிரத்துக்கு 37. ஆணின் 60-ஐவிட மிகவும் கீழே. எண்ணிக்கை சிறியது, கொல்லப்பட்டவர்களில் சிலர் உயிரோடு விடப்பட்டிருந்தால் நோயில் இறந்திருக்கவும் கூடும். ஆகவே இந்த 37-ஐ அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் படம் தெளிவாகவே தெரிகிறது. அந்தக் கிராமங்களின் பெண் குழந்தைகள் இயற்கை கொடுத்த வலுவோடுதான் பிறந்தார்கள். அந்த வலுவை மனிதக் கை தோற்கடித்தது.

இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. கொலைகள் பெரும்பாலும் பிறந்த முதல் வாரத்துக்குள் நடந்துவிட்டன. தலைச்சன் பெண்ணை விட்டுவைத்தார்கள்; இரண்டாவது மூன்றாவது பெண்ணைத்தான் வேண்டாம் என்றார்கள். சீரும் நகையும் கொடுத்துக் கட்டிக்கொடுக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏழ்மை மட்டும் காரணம் என்றால் அதைவிட ஏழையான மலைக் கிராமங்களில் இது கூடுதலாக இருந்திருக்க வேண்டும். வரதட்சணை பரவிய, நிலம் வைத்திருந்த சமவெளிக் குடும்பங்களிலும் இது நடந்தது.

சாவு எந்த நாளில் வந்தது என்பதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய சாட்சி. முதல் வாரத்தில் இயல்பாக ஆண் குழந்தைகளே அதிகம் இறப்பார்கள். குறைப்பிரசவமும் மூச்சுத்திணறலும் அவர்களைத்தான் அதிகம் தாக்கும். அந்த முதல் வாரத்தில் பெண் சாவு ஆண் சாவைத் தாண்டினால் அதற்கு நோய் விளக்கம் கிடையாது. 1990-களில் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் கிராம சுகாதாரச் செவிலியர்கள் இத்தகைய சாவுகளைச் 'சமூகக் காரணம்' என்ற தலைப்பில் எழுதிவந்தார்கள். ஊரில் 'குழந்தை தங்கலை' என்று சொல்லி முடித்துவிடும் விஷயத்தை நர்சம்மா ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்தார். அந்த எழுத்துதான் பின்னால் சான்றானது. ஷீலா ராணி சுங்கத்தும் வி.பி.ஆத்ரேயாவும் அந்தப் பதிவேடுகளைத் தொகுத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 பெண் சிசுக்கள் இப்படிப் போகிறார்கள் என்று 1997-ல் காட்டினார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல்லில் தொடங்கி சேலம், தருமபுரி வழியாக வட ஆற்காட்டுப் பகுதி வரை ஒரு தொடர் பட்டையாக அது நீண்டது. உசிலம்பட்டியின் பெயர் 1986-ல் இந்தியா டுடேயின் அட்டைப்படக் கட்டுரையால் நாடெங்கும் தெரிந்தது. 1994-ல் பாரதிராஜாவின் கருத்தம்மா திரைப்படம் அதை ஒவ்வொரு ஊர்க் கொட்டகைக்கும் கொண்டுபோனது. அதனால் கள்ளிப்பால் கொடுத்துச் சிசுவைக் கொல்வது என்றால் உசிலம்பட்டி என்று நாம் பழகிவிட்டோம். வட மாவட்டங்களின் பங்கு பேசப்படாமலே போனது.

அரசு 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001-ல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் போனது. வேண்டாத குழந்தையைத் தொட்டிலில் போடு என்று அரசே சொல்லலாமா என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அதில் நியாயம் உண்டு. தருமபுரியில் 1997-க்குப் பிறகு டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் கலைப்பயணம் வேறு வழியில் போனது. உள்ளூர் இளைஞர்கள் ஊர் ஊராகத் தெருவில் நாடகம் போட்டார்கள். செத்துப்போன குழந்தையைப் பற்றிச் செத்த ஊரிலேயே எல்லோர் முன்னாலும் பேசினார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே பதிவான பெண் சிசுக்கொலைகள் கணிசமாகக் குறைந்தன. பல பத்தாண்டுகளில் இந்தப் பிரச்சினைக்காகச் செய்யப்பட்டவற்றில் என் மதிப்பில் முதலிடம் இதற்குத்தான். குற்றவாளியைத் தேடிப் போகாமல் ஊரின் மௌனத்தை அது உடைத்தது.

ஆசியாவின் பிற பகுதிகளில் பெண் குழந்தையின் சாவு வேறு கால அட்டவணையில் வந்தது. வங்கதேசத்தின் மட்லாப் பகுதியில் 1970-களில் நடந்த ஆய்வுகள் இதற்கு முதல் சான்று. அங்கே முதல் மாதத்தில் ஆண் சிசுக்களே கூடுதலாக இறந்தார்கள், இயற்கைப்படி. முதல் மாதம் தாண்டியதும் நிலை மாறியது. ஒன்று முதல் நான்கு வயது வரையில் பெண் சாவு ஆண் சாவைவிட மிக அதிகம். லிங்கன் சென்னும் அவருடைய சகாக்களும் 1981-ல் காரணத்தைத் தேடினார்கள். வயிற்றுப்போக்கு பெண்ணுக்கும் ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. இலவசச் சிகிச்சை கிடைத்த மையத்துக்குக் கொண்டுவரப்பட்டதில் மட்டும் ஆண் குழந்தைகள் 66 விழுக்காடு கூடுதல். படகுச் செலவும் ஒரு நாள் கூலியும் மகனுக்காகச் செலவாயின. மகளுக்கு வீட்டு வைத்தியம் போதும் என்று விட்டார்கள். யாரும் கொல்லவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

வட இந்தியாவின் கதையும் இதே வகை. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின் நாடு தழுவிய கணக்கில், முதல் மாதத்தில் பெண் சாவு ஆண் சாவைவிடக் குறைவு. இரண்டாம் மாதம் முதல் ஓராண்டு முடியும் வரை ஆயிரத்துக்கு ஆண் 15, பெண் 21. ஒன்று முதல் நான்கு வயதுக்குள் ஆண் 14, பெண் 23. தாய்ப்பாலை முன்னதாக நிறுத்துவது, தடுப்பூசிக்குத் தாமதமாக அழைத்துப்போவது, காய்ச்சலுக்கு இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்பது: இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்ந்த வித்தியாசம் அது. கிறிஸ்தோஃப் கில்மோட்டோவின் குழு 2018-ல் வெளியிட்ட கணக்கின்படி 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளின் மிகைச் சாவு ஆண்டுக்கு 2,39,000. அதில் மூன்றில் இரண்டு பங்கு உத்தரப்பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப்பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில்.

அதே வங்கதேசம் பிறகு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980-களில் பிராக் அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் தாய்மாருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். மருந்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால், மகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் இடமே இல்லாமல் போகிறது. தடுப்பூசியும் அப்படியே வாசலுக்கு வந்தது. பெண்களின் படிப்பும் வேலையும் கூடின. இன்று அந்த நாட்டில் சிசு மரணம் இந்தியாவை ஒட்டி நிற்கிறது. ஆனால் பெண் சிசு விகிதம் ஆண் விகிதத்தைவிடத் தெளிவாகக் கீழே இருக்கிறது. தனிநபர் வருமானத்தில் நெடுங்காலம் நமக்குப் பின்னால் நின்ற நாடு இது.

சீனாவின் எண்ணைப் படிக்க வேறொரு எச்சரிக்கை தேவை. 1980-ல் ஒரே குழந்தைக் கொள்கை நாடு முழுவதும் வந்தது. 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் சிசு மரணம் ஆண் சிசு மரணத்தைவிட மிகக் கூடுதலாகப் பதிவானது. பிறகு அது வேகமாகக் குறைந்தது. இன்று பெண் குழந்தை பாதுகாப்பாக இருக்கும் நாடுகளின் வரிசையில் சீனா இருப்பதாகப் பட்டியல் காட்டுகிறது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் 100 பெண் பிறப்புக்கு ஆண் பிறப்பு 117, 118 என்று ஏறியது. இயல்பான அளவு 105, 106. வேண்டாத பெண் பிறந்த பிறகு சாவதற்குப் பதில், ஸ்கேனில் தெரிந்து கருவிலேயே போனாள். பிறக்காத குழந்தை சிசு மரணக் கணக்கில் வராது. பிறந்தவர்கள் விரும்பிப் பெறப்பட்டவர்கள். அவர்களுக்குக் கவனிப்பும் கிடைக்கிறது. ஆகவே எண் அழகாகிவிடுகிறது. தென் கொரியாவிலும் 1990-ல் 100 பெண்களுக்கு 116 ஆண்கள் பிறந்தார்கள். ஆனால் அந்த நாடு அங்கிருந்து மீண்டது. 2007 வாக்கில் விகிதம் இயல்புக்குத் திரும்பிவிட்டது. 1987-லேயே கருவின் பாலினம் சொல்லத் தடைச் சட்டம் வந்திருந்தாலும், பெண்களின் கல்வியும் வேலையும் சொத்துரிமையும் முதுமைக்கால ஓய்வூதியமும் மகனைச் சார்ந்திருக்கும் தேவையைக் குறைத்ததே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கண்ணமங்கலம் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தின் கதையை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். 2001-ல் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இங்கே 948 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2011-ல் 930. சிசுக்கொலைக்குப் பேர்போன சேலத்திலும் தருமபுரியிலும் அதே பத்தாண்டில் விகிதம் மேலே போயிற்று. தருமபுரி 826-லிருந்து 910-ஐத் தாண்டியது. இங்கே கீழே இறங்கியது. தமிழ்நாட்டின் சிசு மரணமோ அதே காலத்தில் சரசரவென்று குறைந்தது. 2020-ல் மாநிலத்தின் எண் ஆயிரத்துக்கு 13, கேரளத்தில் 6, மத்தியப்பிரதேசத்தில் 43. எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன்னால் 930-ஐயும் பார்க்க வேண்டும். பிறக்கும் முன் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்து, 1996-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் திருவண்ணாமலை வட்டாரத்தில் சட்டவிரோத ஸ்கேன், கருக்கலைப்பு வழக்குகள் ஓயவில்லை. 2018 டிசம்பரில் அங்கே ஒருவர் கைதானபோது, அவர் முன்பும் இதே குற்றத்துக்காகப் பிடிபட்டவர் என்று தெரியவந்தது. 2011-க்குப் பிறகு தொட்டில் குழந்தைத் திட்டம் இந்த மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் நோய் அதற்குள் தொட்டிலைத் தாண்டி ஸ்கேன் அறைக்குப் போய்விட்டிருந்தது.

இலங்கையைப் பற்றித் தமிழ் வாசகர் தனியே அறிய வேண்டும். 1946-ல் அங்கே சிசு மரணம் ஆயிரத்துக்கு 141. மலேரியா ஒழிப்பு, இலவச மருத்துவம், இலவசக் கல்வி, கிராமம்தோறும் மருத்துவத் தாதி என்று படிப்படியாக அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களுடையதைவிடக் குறைவு. 1960-களில்தான் பெண் முந்தினாள். இன்று ஆண் விகிதத்துக்குக் கீழே பெண் விகிதம் முறையாக நிற்கிறது. ஆனால் நாட்டின் சராசரி மலையகத் தோட்டங்களை மறைத்துவிட்டது. 1974-ஐ ஒட்டிய உணவுப் பஞ்சத்தில் தோட்டப் பகுதிகளில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 100-க்கு மேல் போனது. தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே செத்தார்கள். நாடு என்ற அலகு இப்படித்தான் ஏமாற்றும். நல்ல சராசரிக்குள் ஒரு சமூகத்தின் பட்டினி அடங்கிப் போகும்.

கண்ணமங்கலத்துக்கு மேற்கே உள்ள மலையும் அப்படி அடங்கிப் போகும் இடம்தான். ஜவ்வாது மலை இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களுக்குள் பிரிந்து கிடக்கிறது. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரிடம் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. பெண் பிறந்தால் குடும்பம் மூழ்கிவிடும் என்ற அச்சம் அந்த வழக்கத்தில் இல்லை. சாமை விளையும் சரிவுகளில் பெண்ணின் உழைப்பு இல்லாமல் வீடு நடக்காது. அங்கே பெண் குழந்தை சாவதற்குக் காரணம் தூரம். இள வயதுத் திருமணம், தாயின் ரத்தசோகை, எடை குறைந்த பிறப்பு, இவற்றோடு நடந்தே இறங்க வேண்டிய பாதை.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டாரத்தின் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாத மலையிலிருந்து மருத்துவமனைக்குச் சேர்வதற்குள் குழந்தை இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் மேலே போக வழியில்லாமல் நின்றுவிட, தாய் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார். நாளிதழ்களில் அந்தப் படம் வந்தது. அந்தக் குழந்தை ஓராண்டைக் கடந்தவள். ஆகவே சிசு மரண விகிதத்தில் அவள் சேரமாட்டாள். அவளுடைய பெற்றோர் அவளைக் காப்பாற்ற ஓடினார்கள். மட்லாப்பில் மகளுக்காகப் படகு ஏறாத குடும்பத்தோடு இந்தக் குடும்பத்தை ஒரே எண்ணில் சேர்ப்பது அநீதி.

மருந்தும் வேறு வேறு. கே.வி.குப்பத்துச் சாவுக்கு வரதட்சணையை ஒழிப்பதும் பெண்ணின் சொத்துரிமையைக் காப்பதும் ஊர் வாய் திறப்பதும்தான் மருந்து. அல்லேரிச் சாவுக்குச் சாலையும், பாம்புக்கடி மருந்து வைத்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், பேறுகாலம் நெருங்கும்போது தாய் முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவக் காத்திருப்பு அறையும் மருந்து. தமிழ்நாட்டில் மலைப்பகுதிகளுக்கென்று இந்தக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. எஞ்சிய ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பிரசவங்கள் எங்கே நடக்கின்றன என்று கேட்டால், விரல் இந்த மலைகளைத்தான் காட்டும்.

மருத்துவமனையில் பிறந்துவிட்டால் பாகுபாடு தீர்ந்ததா? அதுவும் இல்லை. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் 2017-ல் அனுமதிக்கப்பட்டவர்களில் பெண் குழந்தைகள் 41 விழுக்காடு என்று யுனிசெஃப் கணக்குக் காட்டியது. ஆண் குழந்தைகளுக்கு நோய் அதிகம் என்பதால் ஓரளவு வித்தியாசம் எதிர்பார்க்கத் தக்கதே. மொத்த வித்தியாசத்தையும் அது விளக்காது. வேலூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோங்கள் என்று சொல்லப்படும் பச்சிளங்குழந்தை ஆணாக இருந்தால் வண்டி உடனே வருகிறது. பெண்ணாக இருந்தால் வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறது.

சிறிய ஊர்களின் எண்ணை எப்படிப் படிப்பது என்பது தனிச் சிக்கல். ஆண்டுக்கு நூறு பெண் குழந்தைகள் பிறக்கும் ஒரு வட்டாரத்தில் ஒரே ஒரு சாவு கூடினால் விகிதம் பத்து கூடிவிடும். ஆகவே கண்ணமங்கலத்தின் விகிதம் என்ன என்று ஓராண்டை வைத்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஐந்தாண்டு, பத்தாண்டு சேர்த்துப் பார்க்க வேண்டும். விகிதத்துக்குப் பதில் ஒவ்வொரு சாவையும் தனியாக விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் சிசு மரணத் தணிக்கை நடைமுறையில் இருக்கிறது; குழந்தை இறந்தால் ஏன், எப்போது, எங்கே தாமதம் என்று பதிவாகிறது. அந்தக் கணக்கு அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் இந்த விவரத்தைக் குடும்பங்களின் பெயரின்றி, வட்டார வாரியாக, ஆண் பெண் பிரித்து, முதல் ஏழு நாள், இருபத்தெட்டு நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என்று பகுத்து, பிறப்பில் பாலின விகிதத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சமவெளி ஊராட்சிகளையும் மலை ஊராட்சிகளையும் தனித்தனியே காட்ட வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.